இன்ஹேலர் எடுத்தால் சைனஸ் வருமா?

மூச்சு நோய்களுக்கான மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு டியோட்ரோப்பியம் தருகிறார்கள். ஆஸ்துமாவுக்குப் புளூட்டிகசோன்–சால்மெட்ரால் கூட்டு மருந்து, அல்லது புடசொனைடு–ஃபார்மெட்ரால். மாத்திரையாக விழுங்குவதற்கு மாண்டெலுகாஸ்ட். இவை எல்லாம் உடலில் ஒரே விதமாக வேலை செய்பவை அல்ல. ஆனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்த குறிப்புகளைப் பார்த்தால், இவை அத்தனையிலும் சைனஸ் அழற்சி இடம்பெற்றிருக்கிறது. மூச்சுக்குழாய்க்குத் தரும் மருந்து எதற்காகக் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையைப் போய்ப் புண்ணாக்க வேண்டும்?

இது வெறும் ஆர்வத்தில் எழும் கேள்வி அல்ல. "இதை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் தலை பாரமாகவே கிடக்கிறது" என்று சொல்லி, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஹேலரை ஓரங்கட்டிவிடுபவர்கள் நிறைய உண்டு. பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டால் அவர்களுடைய முடிவு இன்னும் உறுதியாகிவிடுகிறது. எனவே அந்தப் பெயர் பட்டியலில் எப்படி ஏறியது என்பதை ஒரு மருந்தையாவது எடுத்துக்கொண்டு அடியிலிருந்து பார்த்துவிட வேண்டும். அதற்கு டியோட்ரோப்பியம் பொருத்தமானது. அதன் குறிப்பில் உள்ள அட்டவணையே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

டியோட்ரோப்பியம் 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 18 மைக்ரோகிராம் பொடி கொண்ட கேப்ஸ்யூலைக் கருவியில் வைத்து ஊசியால் துளைத்து, நாளுக்கு ஒரு வேளை வாயால் உறிஞ்ச வேண்டும். மூச்சுக்குழாயின் தசையை இறுக்கும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் தன் ஏற்பியில் போய் ஒட்டவிடாமல் இம்மருந்து தடுக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. ஒப்புதலுக்கு அடிப்படையாக இருந்தவற்றில் ஓராண்டு நடந்த ஆய்வுகள் முக்கியமானவை. அவற்றில் ஒரே மாதிரியான இரண்டு ஆய்வுகளில் மொத்தம் 550 பேர் டியோட்ரோப்பியமும் 371 பேர் மருந்தே கலக்காத வெற்றுப் பொடியும் எடுத்துக்கொண்டார்கள். டியோட்ரோப்பியம் எடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்குச் சைனஸ் அழற்சி பதிவானது.

இந்த 11 மட்டும் கண்ணில் பட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். பத்தில் ஒருவருக்கு மேல்! ஆனால் அதே வரிசையில் பக்கத்துக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். வெற்றுப் பொடியை உறிஞ்சியவர்களில் 9 சதவீதம் பேருக்கு அதே சைனஸ் அழற்சி பதிவாகியிருக்கிறது. அவர்கள் உடம்புக்குள் மருந்து ஒரு துளியும் போகவில்லை. வித்தியாசம் இரண்டே சதவீதம். இத்தனை பேரை வைத்து நடத்தும் ஆய்வில் இரண்டு சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும். மருந்துக்கும் சைனஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இதேபோல மூன்று ஆய்வு நடத்தினால் தோராயமாக ஒன்றில் இந்த அளவோ இதைவிடக் கூடுதலாகவோ வித்தியாசம் தென்படும். சரி, அந்த இரண்டும் உண்மையான வித்தியாசம்தான் என்று ஒப்புக்கொண்டால்? ஐம்பது பேர் ஓராண்டு முழுவதும் மருந்து எடுத்தால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சைனஸ் வரும் என்பதுதான் அதன் பொருள்.

இதே அட்டவணையில் வாய் உலர்தல் என்றொரு வரி இருக்கிறது. மருந்து எடுத்தவர்களில் 16 சதவீதம், வெற்றுப் பொடி எடுத்தவர்களில் 3 சதவீதம். உண்மையான பக்கவிளைவு இப்படித்தான் இருக்கும். அசிடைல்கோலினைத் தடுத்தால் உமிழ்நீர் குறையும் என்பது மருத்துவக் கல்லூரி முதலாண்டு பாடம். எதிர்பார்த்த காரணம் இருக்கிறது, எண்ணிக்கையிலும் பெரிய இடைவெளி இருக்கிறது. சைனஸ் வரியையும் வாய் உலர்தல் வரியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே தரத்தவை அல்ல என்பது விளங்கிவிடும். ஆனால் நோயாளி கைக்கு வரும் தாளில் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கட்டம் இருப்பதில்லை. "வாய் உலர்தல், சைனஸ் அழற்சி, தொண்டை வலி" என்று காற்புள்ளி போட்டுக் கோத்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் நியாயமான காரியமாக எனக்குப் படவில்லை. அரைகுறைத் தகவல்தான் அச்சத்தை வளர்க்கிறது.

அட்டவணையில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை அவைதான் எல்லாவற்றையும்விடச் சுவையானவை. டியோட்ரோப்பியத்தை வெற்றுப் பொடிக்குப் பதிலாக இப்ராட்ரோப்பியம் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்ட வேறு இரண்டு ஓராண்டு ஆய்வுகளின் எண்கள் அவை. அவற்றில் டியோட்ரோப்பியம் எடுத்தவர்கள் மொத்தம் 356 பேர். அதே மருந்து, அதே அளவு, அதே ஓராண்டு. அவர்களில் சைனஸ் அழற்சி வந்தவர்கள் வெறும் 3 சதவீதம்! முந்தைய ஆய்வுகளில் 11, இவற்றில் 3. மருந்து மாறவில்லையே, பிறகு எது மாறியது? முந்தையவை அமெரிக்காவில் நடந்தன. இவை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்தன. மூக்கடைப்பும் முகவலியும் தலைபாரமுமாக வருகிறவரை ஒரு நாட்டு மருத்துவர் 'சைனஸ் அழற்சி' என்று எழுதுவார். இன்னொரு நாட்டில் அதையே 'சளி' என்றோ 'மூக்கழற்சி' என்றோ எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். ஊரின் காற்று, குளிர், ஒவ்வாமை தரும் மகரந்தம் இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். எதுவாக இருந்தாலும், மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைவிட ஆய்வுக்கு ஆய்வு இருக்கும் வித்தியாசம் நான்கு மடங்கு.

மருந்து ஆய்வில் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் முறை தெரிந்தால் இதில் வியப்பு இராது. ஆய்வில் சேர்ந்தவருக்கு அந்த ஓராண்டில் உடம்புக்கு என்ன வந்தாலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. படியில் வழுக்கி விழுந்தால் எழுத வேண்டும், முதுகு வலித்தால் எழுத வேண்டும், ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் பரவி இவருக்கும் வந்தால் அதையும் எழுத வேண்டும். மருந்துதான் காரணமா என்பதை எழுதும் நேரத்தில் தீர்மானித்து எதையும் விட்டுவிடக்கூடாது. இது நல்ல விதி. ஆய்வாளர் தன் விருப்பத்துக்கு "இது மருந்தால் வந்ததல்ல" என்று விலக்க ஆரம்பித்தால் மெய்யான ஆபத்துகள் மறைந்துவிடும். ஆண்டு முடிந்த பிறகு ஒரு வரம்பு வைத்துச் சலிக்கிறார்கள். டியோட்ரோப்பியத்துக்கு வைத்த வரம்பு, மருந்து எடுத்தவர்களில் குறைந்தது 3 சதவீதம் பேருக்கு வந்திருக்க வேண்டும், வெற்றுப் பொடிக் குழுவைவிட ஒரு சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது. சைனஸ் அந்த வரம்பைத் தாண்டியது, அட்டவணையில் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

அப்படியானால் அந்த 9 சதவீதம் பேருக்கு எங்கிருந்து சைனஸ் வந்தது? அவர்களுடைய நோயிலிருந்தே வந்தது என்பதுதான் பெரும்பகுதி விடை. மூக்கின் உட்சவ்வும் மூச்சுக்குழாயின் உட்சவ்வும் ஒரே விரிப்பின் தொடர்ச்சி. நெற்றியிலும், கண்களுக்கு நடுவிலும், கன்னத்திலும், மூக்குக்குப் பின்னால் ஆழத்திலுமாக நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உள்ளேயும் அதே வகைச் சவ்வுதான். கன்னத்து அறையின் வாசல் அதன் அடியில் இல்லை, மேற்பக்கத்தில் இருக்கிறது. அதனால் அங்கே ஊறும் சளி தானாக வழிந்துவிடாது. நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் துடித்து அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வாசலோ சில மில்லிமீட்டர்தான். ஒரு சளி பிடித்துச் சவ்வு வீங்கினாலே அடைத்துக்கொள்கிறது. புகைபிடித்தவர்களுக்கு இந்த மயிரிழைகள் பழுதுபட்டிருக்கும். சிஓபிடி வந்தவர்களில் மேலைநாடுகளில் பெரும்பாலோர் நெடுங்காலம் புகைபிடித்தவர்கள். ஆஸ்துமாவிலும் இதே கதைதான். நுரையீரலில் இருக்கும் ஒவ்வாமை அழற்சி மூக்கையும் சைனஸையும் விட்டுவைப்பதில்லை. ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்தே வருகிற நோயை 1922லேயே பிரான்சில் விவரித்துவிட்டார்கள். மூக்குச் சதையோடு கூடிய நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு 2019இல் எஃப்டிஏ முதன்முதலாக ஒப்புதல் தந்த உயிரியல் மருந்தான டூபிலுமாப், அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்துமாவுக்கு ஒப்புதல் பெற்றிருந்தது. மேலும் கீழுமாக ஒரே நோய் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

மருந்தின் பக்கம் நின்று வாதாடுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. டியோட்ரோப்பியம் சுரப்புகளை உலர்த்தும் தன்மை உள்ளது. அதன் உறவுக்கார மருந்தான இப்ராட்ரோப்பியத்தை மூக்கொழுகலை நிறுத்துவதற்கென்றே மூக்கு ஸ்பிரேயாகத் தருகிறார்கள். அதில் மூக்கு உலர்வதும் சில சமயம் இரத்தம் கசிவதும் தெரிந்த விளைவுகள். ஆகவே சளி கெட்டியாகிச் சைனஸ் வாசலை அடைப்பது கற்பனைக்கு எட்டாத விஷயம் அல்ல. ஆனால் வாயால் உறிஞ்சும் பொடி கன்னத்து அறை வரை எந்த அளவுக்குப் போகும் என்பதை யோசித்தால் அந்த வாதம் மெலிந்துவிடுகிறது. உறிஞ்சும் பொடியில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து வயிற்றுக்குள் போகிறது, ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகிறது. மூக்குக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

இதே துறையில் எண்ணிக்கை உரக்கப் பேசிய பக்கவிளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான டார்ச் என்ற ஆய்வில் 6,000க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். புளூட்டிகசோன் ஸ்டீராய்டு கலந்த கூட்டு மருந்தை உறிஞ்சியவர்களில் 19.6 சதவீதம் பேருக்கு நிமோனியா பதிவானது. வெற்று மருந்துக் குழுவில் அது 12.3 சதவீதம். சிஓபிடிக்காரர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரை யாருக்குத் தருவது, யாருக்குத் தவிர்ப்பது என்று மருத்துவர்கள் இன்று யோசிப்பதற்கு இந்த எண்கள் ஒரு முக்கியக் காரணம். சைனஸ் வரியைப் பார்த்து மிரளும் நேரத்தில், இந்த வரியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் வேறொரு பள்ளத்தில் விழுவோம். மாண்டெலுகாஸ்டின் குறிப்பில், குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் வெற்று மருந்தைவிடக் கூடுதலாகக் காணப்பட்டவை என்று காய்ச்சல், தொண்டை அழற்சி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு சைனஸ் அழற்சியும் வரும். 1998இல் இம்மருந்து ஒப்புதல் பெற்றபோது கண்ணில் பட்டவை இப்படிப்பட்ட சில்லறைத் தொல்லைகள்தாம். பிறகுதான் பெற்றோர்களிடமிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் புகார்கள் வரத் தொடங்கின. கெட்ட கனவு, தூக்கம் கெடுதல், எரிச்சல், மனச்சோர்வு, சிலரிடம் தற்கொலை எண்ணம். எஃப்டிஏ 2008இல் ஆராய ஆரம்பித்து, 2009இல் எச்சரிக்கை சேர்த்து, 2020 மார்ச்சில் கறுப்புக் கட்டமிட்ட மிகக் கடுமையான எச்சரிக்கையாக அதை உயர்த்தியது. ஒவ்வாமையால் வரும் மூக்கொழுகலுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தர வேண்டாம் என்றும் சொன்னது. பட்டியலில் இருந்தது சைனஸ். குழந்தையின் இரவைக் குலைத்தது பட்டியலில் அப்போது இல்லவே இல்லை. ஆய்வில் சிக்காத அரிய விளைவுகள் பிடிபடுவது இப்படிச் சாதாரண மனிதர்கள் கொடுக்கும் புகார்களால்தான். ஆகவே 'புகார்தானே, நிரூபணம் இல்லையே' என்று ஒதுக்குவதும் தவறு.

புகார் உண்மையாகவும் இருந்து, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பிழையாகவும் இருக்க முடியுமா? ஜாஃபிர்லுகாஸ்டின் கதை அதற்கு விடை. மாண்டெலுகாஸ்ட் இனத்தைச் சேர்ந்த இம்மருந்து அமெரிக்காவில் 1996இல் விற்பனைக்கு வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை நம்பி வாழ்ந்த ஆஸ்துமா நோயாளிகளுக்கு அது பெரிய ஆறுதல். மூச்சு சற்றுத் தெளிந்ததும் மருத்துவர்கள் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1998இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் எட்டு நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வந்தது. ஜாஃபிர்லுகாஸ்ட் தொடங்கி ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு அவர்களுக்கு இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏறின, நுரையீரலில் நிழல் விழுந்தது, இதயத் தசையும் பாதிக்கப்பட்டது. நோயின் சாயல் சர்க்–ஸ்ட்ராஸ் நோய்க்குறி. நியூயார்க்கில் ஜேக்கப் சர்க்கும் லாட்டே ஸ்ட்ராஸும் 1951இல் விவரித்த இரத்தக்குழாய் அழற்சி அது. ஆஸ்துமா, சைனஸ் கோளாறு, நுரையீரலில் இடம் மாறி மாறித் தோன்றும் நிழல், கை கால் நரம்பு மரத்துப்போதல், ஈயோசினோஃபில் மிகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். 1990இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கம் வகுத்த ஆறு அளவுகோல்களில் சைனஸ் பாதிப்பும் ஒன்று.

புதிய மருந்து புதிய நோயைக் கொண்டுவந்துவிட்டது என்றே முதலில் பலரும் நினைத்தார்கள். ஆனால் அதன் பிறகு மாண்டெலுகாஸ்ட் எடுத்தவர்களிடமும், உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கு மாறியவர்களிடமும், முற்றிலும் வேறு வழியில் வேலை செய்யும் ஓமலிஸுமாப் ஊசி போட்டவர்களிடமும் இதே போன்ற நிகழ்வுகள் பதிவாயின. இவற்றில் பலவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்ததுதான். வெகுநாளாக உள்ளே இருந்த நோயை ஸ்டீராய்டு அமுக்கி வைத்திருந்தது. அதை எடுத்ததும் நோய் வெளியே வந்தது. புதிய மருந்தின் பங்கு, ஸ்டீராய்டைக் குறைக்க வழி விட்டது. ஸ்டீராய்டைக் குறைக்காதவர்களிடமும் சில நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால் விவாதம் முற்றுப்பெற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. எச்சரிக்கையும் இன்றுவரை அந்த மருந்துகளின் குறிப்பில் இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாக்காரர் ஒருவருக்கு மருந்து மாற்றிய சில மாதங்களில் சைனஸ் மோசமாகி, கூடவே பாதம் மரத்துப்போவதோ, தோலில் சிவந்த புள்ளிகளோ, காரணமில்லாக் காய்ச்சலோ வந்தால், அதை மூக்குத் தொல்லை என்று விட்டுவிடக்கூடாது என்ற பாடத்தை அந்த எட்டுப் பேரின் கதை மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

மூக்கை உண்மையாகவே வீங்கவைக்கும் மருந்து ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பலர் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகையைச் சேர்ந்தவை. விட்ட நிமிடமே மூக்கு திறக்கும். ஐந்து நாளைக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம் என்று மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இன்ஹேலர் மீது பழி போட்டு அதை நிறுத்திவிட்டு, இந்தச் சொட்டைத் தொடர்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிறுத்துவதன் விலை சிறியது அல்ல. பிரிட்டனில் 2012 பிப்ரவரியிலிருந்து ஓராண்டில் நடந்த ஆஸ்துமா மரணங்களில் 195ஐ எடுத்து விரிவாக ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். தடுப்பு இன்ஹேலர் எழுதித் தரப்பட்டு, எத்தனை தரப்பட்டது என்ற கணக்கும் கிடைத்தவர்கள் 128 பேர். அவர்களில் 49 பேர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் நான்கு இன்ஹேலர்கள்கூட வாங்கியிருக்கவில்லை. ஒழுங்காக எடுத்திருந்தால் ஏறத்தாழ மாதம் ஒன்று தேவைப்பட்டிருக்கும். டியோட்ரோப்பியத்தை 5,993 பேரிடம் நான்காண்டுகள் சோதித்து 2008இல் வெளியான அப்லிஃப்ட் ஆய்வு, மூச்சுத்திணறல் திடீரென முற்றும் நிகழ்வுகளை அது குறைப்பதாகக் காட்டியது. மூக்கடைப்புக்கு அஞ்சி இந்தப் பயனைக் கைவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

இன்ஹேலர் எடுப்பவருக்குச் சைனஸ் தொல்லை வந்தால் இன்ஹேலரைத் தொடர்ந்துகொண்டே அதைத் தனியாகக் கவனிக்கலாம். பெரும்பாலானவை வைரஸ் சளியைத் தொடர்ந்து வருபவை. பத்து நாளுக்குள் தணிந்துவிடும், ஆன்டிபயாட்டிக் வேண்டியிராது. பத்து நாள் கடந்தும் குறையாமல் இருப்பது, சற்றுக் குறைந்து மறுபடி ஏறுவது, கண்ணைச் சுற்றி வீங்குவது, பார்வை இரட்டையாவது, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்துவதா மாற்றுவதா என்பது அவரும் நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

மருந்தால்தான் வந்தது என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் அதைச் சொல்லவும் இடம் இருக்கிறது. பிரிட்டனில் 1964 முதல் மஞ்சள் அட்டை முறை நடக்கிறது. இந்தியாவில் 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தலைமை மையம் காசியாபாத்தில் உள்ளது. மருத்துவர்கள் மட்டுமல்லாமல் நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். சொல்லும்போது மருந்தின் பெயரும் அளவும், அதைத் தொடங்கிய தேதி, தொல்லை தொடங்கிய தேதி, கூடவே எடுத்த மற்ற மருந்துகள், அந்தக் காலத்தில் ஸ்டீராய்டு குறைக்கப்பட்டதா, சைனஸ் முன்பே இருந்ததா, மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகு குறைந்ததா ஆகிய விவரங்களைக் கொடுத்தால், மறுமுனையில் இருப்பவர்கள் அந்த ஒரு புகாரை மற்ற நாட்டுப் புகார்களோடு சேர்த்துவைத்து ஆராய முடியும்.